உரோமையில் ஒரு வாடகை அறை

பயணம் சென்ற ஊரில் நம்மை முதன்முதலாக வரவேற்பது யார்? கோவிலும் கோபுரமும் கலைக்கூடமும் மறுநாள்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. பெட்டியைச் சுமந்து, உறக்கம் கெட்டு, மொழி புரியாமல் வந்து நிற்கிற முதல் இரவில் நம்மை எதிர்கொள்வது விடுதியின் மேசையும், அதன் பின்னால் இருக்கும் ஒரு முகமுமே. அந்த முகத்தைப் பற்றி எந்தப் பயண நூலும் எழுதுவதில்லை. உரோமை நகரில் ஒரு வாரம் விடுமுறைக்காகத் தங்கியிருந்தபோது எங்களுக்கு அமைந்த அனுபவத்தையும், அது எங்களை இட்டுச்சென்ற பழைய வரலாற்றையும் வாசகரோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

எங்கள் விடுதி தெர்மினி தொடர்வண்டி நிலையத்திற்கு அருகில் இருந்தது. ஆடம்பர விடுதியும் அன்று, ஏழைகளின் சத்திரமும் அன்று. மூன்று நட்சத்திரங்கள் பெற்ற நடுத்தர விடுதி. உயர்ந்த பழைய கட்டடம் ஒன்றின் இரண்டு மாடிகளை மட்டும் எடுத்துக்கொண்டு அது நடந்துவந்தது. இருவர் நின்றால் மூச்சு முட்டும் மின்தூக்கி. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே பெட்டியை விரிக்க முடியாத அறை. சன்னலைத் திறந்தால் உள்முற்றத்தில் காயும் துணிகள். மேசையில் இருந்தவர் கடவுச்சீட்டுகளைக் கேட்டு வாங்கி, விவரங்களைப் பதிவு செய்துகொண்டார். அறை வாடகையோடு நகராட்சியின் தங்கும் வரியும் ஒரு தலைக்கு இவ்வளவு, ஓர் இரவுக்கு இவ்வளவு என்று தனியே உண்டு என்றார். 2011 ஆம் ஆண்டிலிருந்து உரோமை நகரம் வாங்கும் வரி அது. நாங்கள் முன்பே அறிந்திருக்கவில்லை. களைப்போடு சலிப்பும் சேர்ந்துகொண்டது. சிறிது கடுமையாகவே பேசிவிட்டோம். அவர் மறுமொழி கூறாமல் சாவியை நீட்டினார்.

மறுநாள் காலையில்தான் அந்தக் கட்டடத்தையும் தெருவையும் நிதானமாகப் பார்த்தோம். தெர்மினி என்ற பெயரே தியோக்கிளேசியன் பேரரசனின் குளியல் மண்டபங்களிலிருந்து வந்தது. கிறிஸ்தவர்களைக் கொடுமையாகத் துன்புறுத்திய அந்த மன்னனின் மண்டபத்திற்குள்ளேயே 16 ஆம் நூற்றாண்டில் மைக்கேலாஞ்சலோவின் திட்டப்படி வானதூதர்களின் அன்னை ஆலயம் எழுந்தது. 1870 இல் இத்தாலிய அரசின் படைகள் உரோமையைக் கைப்பற்றி, அது தலைநகரமான பின், அரசு ஊழியர்களுக்கும் வணிகர்களுக்கும் இடம் தேவைப்பட்டபோது, அதுவரை திராட்சைத் தோட்டங்களும் மாளிகைத் தோப்புகளுமாய் இருந்த இந்தப் பகுதியில் உயரமான குடியிருப்புகள் வரிசை வரிசையாகக் கட்டப்பட்டன. 1873 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உரோமையின் துறவற இல்லங்கள் பலவும் அரசுடைமையாகி, அலுவலகங்களாகவும் பள்ளிகளாகவும் படைவீடுகளாகவும் மாறின. திருப்பயணியை இலவசமாக ஏற்ற பழைய கதவுகள் பல மூடப்பட்ட காலமும், பணம் செலுத்தித் தங்கும் புதிய விடுதிகள் தொடர்வண்டி நிலையத்தைச் சுற்றிப் பெருகிய காலமும் ஒன்றே. 1894 இல் புகழ்பெற்ற சேசர் ரிட்ஸ் பெரும் செல்வர்களுக்காகத் திறந்த விடுதியும் இந்த நிலையத்திற்கு அருகில்தான் உள்ளது. நாங்கள் தங்கிய அறையும் அந்தப் பெரிய மாற்றத்தின் ஒரு சிறு துண்டு என்று உணர்ந்தோம்.

அப்படியானால், அதற்கு முன்பு இந்நகரில் அந்நியன் எங்கே தங்கினான்?

இந்தக் கேள்வியோடு நற்செய்தியைத் திருப்பினால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. பெத்லகேமில் மரியாவுக்கும் யோசேப்புக்கும் இடம் கிடைக்காத இடத்தைக் குறிக்க லூக்கா ஆளும் கிரேக்கச் சொல் 'கத்தலுமா' என்பது. அதே சொல்லைத்தான், ஆண்டவர் தம் சீடரோடு பாஸ்கா உணவு உண்ட அறையைக் குறிக்கவும் அவர் பயன்படுத்துகிறார். பிறந்தபோது கிடைக்காத விருந்தறையை, இறப்பதற்கு முந்தின இரவில் ஆண்டவர் தாமே கேட்டு வாங்கி, அதில் தாமே விருந்தளிப்பவராகிறார். நல்ல சமாரியர் உவமையில் வரும் விடுதிக்கோ லூக்கா வேறொரு சொல்லை எடுக்கிறார். அது 'எல்லாரையும் ஏற்கும் இடம்' என்று பொருள்படும் சொல். பணம் வாங்கும் விடுதிக்கு வழங்கிய பெயர். சமாரியர் அங்கே இரண்டு தெனாரியம் கொடுக்கிறார். மிகுதியாகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாக வாக்களிக்கிறார். அந்த வாக்கை நம்பி, அடிபட்டுக் கிடந்த ஒருவனை ஏற்று, இரவு பகல் பேணியவர் அந்த விடுதிக்காரர். பணம் பெற்றுக்கொண்டு செய்த அவருடைய பணியும் இரக்கத்தின் கதைக்குள்ளேயே இருக்கிறது. உவமையைப் பலமுறை கேட்ட நாம் அவரைப் பற்றி ஒருமுறையாவது எண்ணியதுண்டா?

இலத்தீன் மொழியில் 'ஓஸ்பெஸ்' என்னும் ஒரே சொல் விருந்தினரையும் குறிக்கும், விருந்தளிப்பவரையும் குறிக்கும். மருத்துவமனைக்கும் விடுதிக்கும் ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் சொற்கள் இரண்டும் அந்த வேரிலிருந்தே கிளைத்தவை. நம் தமிழிலோ விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். முன்பின் அறியாத புதியவரே விருந்தினர். உறவினரை உபசரிப்பது சுற்றம் தழுவுதல். அறியாதவரை ஏற்பதே விருந்தோம்பல். வேறு வேறு உலகங்களைச் சேர்ந்த இந்த இரு மொழிகளும், அந்நியனை ஏற்பது மனிதத் தன்மையின் அளவுகோல் என்பதில் ஒன்றுபடுகின்றன.

திருச்சபை இந்த அளவுகோலைத் தன் நிறுவனங்களிலேயே பொறித்துவைத்தது. 4 ஆம் நூற்றாண்டில் செசரேயா நகரில் புனித பசிலியார் நோயாளருக்கும் ஏழைகளுக்கும் வழிப்போக்கருக்கும் ஒரு நகரம் போன்ற இல்லத்தை அமைத்தார். அதே நூற்றாண்டின் இறுதியில் உரோமைப் பெருங்குடிப் பெண்ணான புனித பபியோலா தம் செல்வத்தைக் கொண்டு நோயாளர் இல்லம் ஒன்றைத் திறந்தார். பின்னர், புனித பம்மாக்கியுசோடு இணைந்து உரோமையின் துறைமுகத்தில் கடல்வழி வரும் அந்நியருக்கென ஓர் இல்லம் எழுப்பினார். இவற்றைப் புனித எரோணிமுஸ் தம் மடல்களில் போற்றி எழுதியிருக்கிறார். பம்மாக்கியுசும் பபியோலாவும் பொதுநிலையினர் என்பது நம் கவனத்திற்குரியது. 6 ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குநூலின் 53 ஆம் அதிகாரத்தில், வருகிற விருந்தினர் எவரையும் கிறிஸ்துவாகவே ஏற்கும்படி பணிக்கிறார். அதிலும் ஏழைகளையும் திருப்பயணிகளையும் தனிக் கவனத்தோடு ஏற்க வேண்டும் என்கிறார். செல்வர்க்கு மதிப்பு தானாகவே கிடைத்துவிடுகிறது. அவர்களைக் கண்டால் எழும் அச்சமே அதற்குப் போதும் என்பது அவர் காட்டும் காரணம். மனித மனத்தை எவ்வளவு துல்லியமாக அறிந்திருக்கிறார்!

புனித பேதுருவின் கல்லறையை நாடி வடபுலத்து மக்கள் வரத் தொடங்கியபோது, சாக்சோனியர், பிராங்கியர், பிரீசியர், லொம்பார்தியர் ஆகியோர் வத்திக்கான் அருகே தத்தம் இனத்தாருக்கெனத் தங்கும் குடியிருப்புகளை அமைத்துக்கொண்டனர். சாக்சோனியர் இல்லம் இருந்த இடத்தில் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் 12 ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவிய தூய ஆவி மருத்துவமனை, பல நூற்றாண்டுகள் ஏழை நோயாளருக்கும் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கும் புகலிடமாயிற்று. அருகிலுள்ள ஆலயத்தின் பெயரில் சாக்சோனியரின் நினைவு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1300 ஆம் ஆண்டில் திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் முதல் யூபிலியை அறிவித்தார். அவ்வாண்டில் எப்போதும் இரண்டு இலட்சம் திருப்பயணிகள் நகரில் இருந்தனர் என்று, நேரில் கண்ட பிளாரன்ஸ் நகர வரலாற்றாசிரியர் வில்லானி எழுதினார். எண்ணிக்கையை அவர் சற்று மிகுத்திருக்கலாம். நெரிசலை மிகுத்திருக்க வாய்ப்பில்லை. 1450 ஆம் ஆண்டு யூபிலியில் வானதூதர் பாலத்தில் ஏற்பட்ட நெரிசலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தனை பேருக்கும் மடங்கள் மட்டும் இடம் தர முடியுமா? பணம் வாங்கும் விடுதிகளும் தழைத்தன. எழுத்தறியாதவரும் அடையாளம் காணும்படி கரடி, பசு, சூரியன் என்று அவை பெயர் தாங்கி நின்றன. திபேர் ஆற்றங்கரையில் இருந்த கரடி விடுதியில்தான் பிரெஞ்சு எழுத்தாளர் மோந்தேஞ் 1580 ஆம் ஆண்டு நவம்பரில் வந்து இறங்கி, இரண்டு நாள் தங்கினார். அதன் பின் வாடகை அறைகளுக்கு மாறினார். நம்மைப் போலவே அவரும் வந்த மறுநாளே வேறு இடம் தேடியிருக்கிறார் என்று அறிந்தபோது சிரித்துக்கொண்டோம்.

வாடகை கொடுக்க இயலாத எளியவர்களுக்கு என்ன வழி? இங்கேதான் புனித பிலிப்பு நேரி நம்முன் வருகிறார். 1548 இல் தம் ஆன்ம குருவான பெர்சியானோ ரோசாவோடு சேர்ந்து அவர் ஒரு பக்தசபையைத் தொடங்கியபோது அவர் குருவானவர் அல்லர். முப்பத்து மூன்று வயதான பொதுநிலையினர். 1550 ஆம் ஆண்டு யூபிலிக்குத் திரளாக வந்த ஏழைத் திருப்பயணிகளுக்கு உணவும் படுக்கையும் அளிப்பதைத் தங்கள் பணியாக்கிக்கொண்டனர் அச்சபையார். 1575 ஆம் ஆண்டு யூபிலியில் அவர்களிடம் தங்கி உண்டவர் தொகை ஓர் இலட்சத்தைத் தாண்டியது. வாசலில் வந்தவரின் காலைக் கழுவுவதே முதல் வரவேற்பு. கர்தினால்களும் பிரபுக்களும் கடைக்காரர்களும் ஒரே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இதைச் செய்தனர். 1600 ஆம் ஆண்டு யூபிலியில் திருத்தந்தை எட்டாம் கிளமெந்தும் வந்து பாதம் கழுவினார். திருப்பயணிகளின் மூவொரு கடவுள் ஆலயம் என்று வழங்கும் அக்கோவிலில் இன்று பீடத்தின்மேல் குயிதோ ரேனி வரைந்த மூவொரு கடவுள் ஓவியம் இருக்கிறது. சபையின் இல்லத்தில்தான், 1849 ஆம் ஆண்டுப் போரில் காயமுற்ற இளங்கவிஞர் மமேலி உயிர் துறந்தார். இத்தாலியின் நாட்டுப்பண் அவர் எழுதியது.

அங்கிருந்து நடந்துபோகும் தொலைவில் புனித அகுஸ்தினார் ஆலயம். அதனுள்ளே கரவாஜியோ 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய திருப்பயணிகளின் அன்னை ஓவியம். சுண்ணாம்பு உதிர்ந்த ஒரு சாதாரண வீட்டு வாசற்படியில் அன்னை மரியா குழந்தையை ஏந்தி நிற்கிறார்; முன்னே கிழவரும் கிழவியும் முழந்தாளிட்டிருக்கின்றனர். கிழவரின் உள்ளங்கால்கள் புழுதி படிந்து, பார்ப்பவரின் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அக்காலத்தில் அந்த அழுக்குக் கால்கள் பெரும் சலசலப்பை எழுப்பின. எங்களுக்கோ, காவி உடுத்தி வெறுங்காலோடு வேளாங்கண்ணிக்கு நடக்கும் நம் மக்களின் பாதங்களாகவே அவை தோன்றின. அந்த ஓவியத்தின் முன்னே நின்றபோது முதல் இரவு நினைவுக்கு வந்தது. நாங்கள் விடுதி வாசலில் நின்றது முழந்தாளிட்டு அன்று; கணக்குக் கேட்டு.

நம் பக்கத்திலிருந்து உரோமைக்குப் போனவர்களையும் எண்ணிப் பார்த்தோம். கேரளத் திருச்சபையின் மார் யோசேப்பு கரியாட்டியும் பாறேம்மாக்கல் தோமா கத்தனாரும் தம் மக்களின் முறையீட்டைத் திருத்தந்தையிடம் கொண்டுசெல்ல 1778 இல் புறப்பட்டு, தமிழகக் கடற்கரை வழியே வந்து, சென்னையில் கப்பலேறினர். அந்தப் பயணத்தைக் கத்தனார் மலையாளத்தில் வர்த்தமானப் புத்தகம் என்னும் நூலாக எழுதினார். எட்டு ஆண்டுப் பயணம் அது. கோவா வரை திரும்பிவிட்ட கரியாட்டி ஆண்டகை, தம் மக்களைக் காணாமலேயே 1786 இல் அங்கே இறந்தார். சில மணி நேரம் வானூர்தியில் அமர்ந்துவிட்டு அறை சிறிது என்று முணுமுணுத்த எங்களுக்கு அவர்கள் நினைவு நல்ல மருந்தாயிற்று.

அவர்கள் பயணம் செய்த காலத்திலேயே உரோமையில் வாழ்ந்தவர் பிரான்சு நாட்டுப் புனித பெனடிக்ட் யோசேப்பு லாபிரே. துறவு மடங்கள் அவரை ஏற்கவில்லை. ஆகவே திருத்தலங்களுக்குக் கால்நடையாகச் செல்வதையே தம் துறவாக்கிக்கொண்டார். கந்தல் உடை, ஒரு பை, ஒரு செபமாலை. உரோமையில் கொலோசெயத்தின் இடிபாடுகளில் பல இரவுகள் உறங்கினார். 1783 ஏப்ரல் 16 ஆம் நாள், தாம் நாள்தோறும் வேண்டிவந்த மோந்தி அன்னை ஆலயத்தின் படிகளில் மயங்கி விழுந்தார். அருகில் இருந்த இறைச்சிக்கடைக்காரர் ஒருவர் அவரைத் தம் வீட்டுக்குத் தூக்கிச் சென்றார். அங்கேயே உயிர் பிரிந்தது. நூறு ஆண்டு நிறைவதற்குள், 1881 இல், திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. அவருடைய கல்லறை எங்கள் விடுதியிலிருந்து கால் மணி நேர நடையில் இருந்தது. அங்கே மண்டியிட்டபோது ஒரு கேள்வி எழுந்து எங்களை விடவில்லை: இந்தப் புனிதர் அடையாளச் சீட்டும் பணமும் இல்லாமல் நேற்றிரவு எங்கள் விடுதி மேசையின் முன்னே வந்து நின்றிருந்தால்?

விடையைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. விடுதிக்குத் திரும்பும் வழியில், தொடர்வண்டி நிலையத்தின் நீண்ட சுவரோரம் அட்டைகளை விரித்துப் படுத்திருந்தவர்களை நாங்கள் ஒவ்வொரு மாலையும் கடந்தே சென்றோம். அதே சுவரோரமாக, மர்சாலா தெருவில், 1987 இல் அருட்தந்தை லூயிஜி தி லியேக்ரோவின் முயற்சியால் உரோமை மறைமாவட்டக் கரித்தாஸ் திறந்த இரவு இல்லம் இருக்கிறது. வீடற்றோர் அங்கே உணவும் படுக்கையும் பெறுகின்றனர். பிலிப்பு நேரியின் வாசல் முழுதும் மூடப்படவில்லை, இடம் மாறியிருக்கிறது.

மூன்றாம் நாள் இரவு நெடுநேரம் சென்று திரும்பினோம். மேசையில் அதே மனிதர். எம் துணைவியார் என்னிடம் தமிழில் ஏதோ சொல்ல, அவர் நிமிர்ந்து பார்த்து, "நீங்கள் தமிழா, அக்கா?" என்றார். நீர்கொழும்பைச் சேர்ந்த கத்தோலிக்கர். பதினெட்டு ஆண்டுகளாக இரவுப் பணி. விடியலில் பணி முடித்து, ஞாயிறன்று பூசை கண்டு, பிறகே உறங்கச் செல்வாராம். முதல் இரவில் கடுமையாகப் பேசியதற்கு வருந்துவதாகக் கூறினோம். அவர் புன்னகைத்தார். "அது வழக்கம்தான், ஐயா. வருகிற எல்லாருடைய பேரையும் நாங்கள் எழுதி வைக்கிறோம். எங்கள் பேரை யாரும் கேட்கிறதில்லை" என்றார்.

அந்தச் சொற்களோடு நாங்கள் அறைக்குச் சென்றோம். விடுதியில் தங்குவோரின் விவரத்தைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்னும் இத்தாலிய விதி 1931 ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் வேர்கொண்டது. பாதுகாப்புக்கு அது தேவைதான். ஆயினும் பெயரை எழுதாததே விருந்தோம்பலாய் இருந்த ஒரு காலமும் இந்நகருக்கு உண்டு. 1943 அக்டோபர் 16 ஆம் நாள் நாசிப் படையினர் உரோமையின் யூதர்களை வளைத்துப் பிடித்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவுஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டனர். திரும்பியவர் பதினாறு பேரே. அந்த மாதங்களில் கன்னியர் மடங்களும் துறவியர் இல்லங்களும் தம் கதவுகளைத் திறந்தன. 155 துறவற சபைகளின் இல்லங்களில் 4300க்கும் மேற்பட்டோர் மறைந்து வாழ்ந்ததைக் காட்டும் ஆவணம் பற்றி 2023 இல் அறிவிப்பு வெளியானது. அவர்களுள் பெரும்பாலோர் யூதர்கள். 1873 இல் தம் இல்லங்களைப் பெருமளவு இழந்த சபைகள், எஞ்சியவற்றில் உயிரையே பணயம் வைத்து அந்நியரை ஏற்றன. அந்த விருந்தினரை எந்தக் காவல் நிலையத்திற்கும் அவர்கள் அறிவிக்கவில்லை.

இன்று உரோமையில் துறவற சபைகள் பல, திருப்பயணிகளுக்கென அமைத்த இல்லங்களில் கட்டணம் பெற்றே இடம் தருகின்றன. அதைக் குறைகூறுவோர் உண்டு. சமாரியரின் இரண்டு தெனாரியத்தை எண்ணினால் அவ்வளவு எளிதாகக் குறைகூற இயலாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2013 மார்ச் 13 இல் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறுநாள் காலை, தாம் முன்பு தங்கியிருந்த ஸ்க்ரோபா தெரு இல்லத்திற்குச் சென்று, பெட்டியை எடுத்துக்கொண்டு, பணியாளர்களை வாழ்த்தி, தம் கணக்கைத் தாமே செலுத்தினார். கட்டணத்தையும் செலுத்தினார், செலுத்துவதோடு கடமை முடிந்துவிட்டது என்றும் எண்ணவில்லை. பின்னர், 2025 ஏப்ரல் 21 இல் இறக்கும்வரை, அவர் வாழ்ந்ததும் ஒரு விருந்தினர் இல்லத்திலேயே. பெத்தானியாவில் ஆண்டவருக்கு விருந்து சமைத்த மார்த்தாவின் பெயர் கொண்ட இல்லம் அது.

எங்கள் விடுமுறை முடிந்தது. அறை பெரிதாகிவிடவில்லை, மின்தூக்கி அப்படியே இருந்தது. சுவரோரம் படுத்திருந்தவர்களுக்கு நாங்கள் செய்தது பெரிதொன்றுமில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கடைசி இரவில் கணக்கைத் தீர்த்த பின், அந்தச் சகோதரரின் பெயரைக் கேட்டோம். சொன்னார். அவருடைய பிள்ளைகளின் பெயர்களையும் கேட்டோம். ஒவ்வொன்றாகச் சொன்னார். இங்கே அவற்றை எழுதவில்லை. எங்கள் மாலைச் செபத்தில் அவை இடம்பெற்றிருக்கின்றன.

பணம் கொடுத்து வாங்கும் அறையில் விருந்தோம்பலுக்கு இடமில்லை என்று எண்ணியிருந்தோம். விருந்தினரையும் விருந்தளிப்பவரையும் ஒரே சொல்லால் அழைத்த பழைய மொழி அதற்கு மாறாகச் சொல்கிறது. மேசையின் எந்தப் பக்கம் நின்றாலும் வரவேற்பது நம் கையில் இருக்கிறது. நம் ஊருக்கு வேலை தேடி வந்து, நம் உணவகங்களில் தட்டெடுத்து, நம் விடுதிகளில் தரை துடைக்கும் வடமாநிலத்து இளைஞனின் பெயரை நாம் எப்போதாவது கேட்டிருக்கிறோமா? உரோமைவரை போய் நாங்கள் கற்ற பாடத்தை வாசகர் தம் தெருமுனையிலேயே தொடங்கலாம்.